பாக்கிக்குப் பதில் மெஷின் தருகிறேன் என்கிறது திவாலாகப் போகிற கம்பெனி. வாங்கலாமா?

அம்பத்தூர்_லேத்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன மெஷின் ஷாப் நடத்துகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பம்பும் வால்வும் செய்யும் ஒரு கம்பெனிக்கு நெடுநாளாக ஜாப் ஒர்க். ஒரு வருடமாகப் பணம் இழுவை. இப்போது 68 லட்சம் நிலுவை. கடன் கொடுத்த வங்கி அவர்கள் மேல் ராஜாஜி சாலை என்.சி.எல்.டி.யில் (கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) பிரிவு 7 திவால் மனு போட்டிருப்பது போன மாதம்தான் தெரிந்தது. கம்பெனி எதிர்த்து வாதாடுகிறது. அடுத்த ஹியரிங் மூன்று வாரத்தில்.

நேற்று பர்ச்சேஸ் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "பணம் இப்போதைக்கு வராது சார். ரெண்டு வி.எம்.சி. மெஷின் சும்மா நிற்கிறது. 40 லட்சத்துக்குக் கணக்கு வைத்து ஏற்றிக்கொண்டு போங்கள். பில், டெலிவரி சலான் எல்லாம் பழைய தேதியில் போட்டுத் தருகிறோம்" என்கிறார். எம்.டி.க்கும் சம்மதமாம்.

மெஷின்கள் நல்ல கண்டிஷன். வீட்டில் வாங்கிவிடு என்கிறார்கள். எனக்குத்தான் உதைக்கிறது. என்னுடைய ஃபிக்சர், கேஜ் செட்டெல்லாம் அவர்கள் அசெம்ப்ளி லைனில் கிடக்கின்றன. அவர்களுடைய காஸ்டிங் கொஞ்சம் என் ஷாப்பில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாடி_பாலு:
அண்ணே, யோசனையே வேண்டாம். இன்றைக்கே லாரி அனுப்புங்கள். மனுவை ஏற்று கேஸ் அட்மிட் ஆகிவிட்டால் ஒரு போல்ட் நட்டுகூட வெளியே வராது. கையில் கிடைத்ததுதான் நம்முடையது.

கறுப்புக்கோட்டு:
தயவுசெய்து லாரி அனுப்பாதீர்கள். என்.சி.எல்.டி.யில் பிராக்டிஸ் செய்கிறேன், இதே மாதிரி ஃபைல்கள் நிறையப் பார்த்தாயிற்று.

முதல் சிக்கல், அந்த மெஷின்கள் கம்பெனியின் சொத்தாக இருந்தாலும் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கும் நிலையில் இருக்காது. ஒர்க்கிங் கேபிட்டல் வாங்கிய கம்பெனி பெரும்பாலும் மெஷினரியை வங்கிக்கு ஹைபாத்திகேஷன் (பொருளைத் தன் கையில் வைத்தபடியே அடமானம்) செய்திருக்கும். எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் சார்ஜ், அதாவது அடமான விவரம் வரும், பாருங்கள். வங்கியின் அனுமதி இல்லாமல் அதை வாங்கினால் நீங்களும் அந்த வில்லங்கத்தில் ஒரு பார்ட்டி.

இரண்டாவது, திவால் சட்டத்தின் 43-வது பிரிவு. பழைய கடனுக்காக, கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சொத்தை மாற்றிக் கொடுத்து, வரிசையில் அவருக்குக் கிடைக்க வேண்டியதைவிட அதிகம் கிடைக்கச் செய்தால் அது சலுகைப் பரிமாற்றம். மனு அட்மிட் ஆகும் தேதியிலிருந்து ஒரு வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். டைரக்டரின் உறவினர், குரூப் கம்பெனி என்றால் இரண்டு வருடம். வழக்கமான வியாபாரப் போக்கில் நடந்த பரிமாற்றத்துக்கு விலக்கு உண்டு. பம்ப் கம்பெனி தன் வி.எம்.சி.யைச் சப்ளையருக்குத் தூக்கிக் கொடுப்பது எந்த ஊரிலும் வழக்கமான வியாபாரம் ஆகாது. அட்மிட் ஆனபின் கம்பெனியைப் பொறுப்பேற்கும் ரெசல்யூஷன் புரொஃபஷனல் மனு போடுவார், மெஷினையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆர்டர் வரும்.

மூன்றாவது, பழைய தேதி. அது சிவில் விவகாரமாக நிற்காது, பொய் ஆவணம். 68 லட்சத்துக்காகக் கிரிமினல் கேஸில் பெயர் வரவேண்டுமா?

அவர்கள் பணமாக, பேங்க் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் பில்லுக்கு எதிராகக் கொஞ்சம் அனுப்பினால் அது வேறு. தாராளமாக வாங்குங்கள், வற்புறுத்தியும் கேளுங்கள்.

பாடி_பாலு:
வக்கீல் சார் சட்டம் சொல்கிறார், சரி. நான் பட்டதைச் சொல்கிறேன். இன்னொரு கம்பெனி, பெயர் வேண்டாம். 22 லட்சம் பாக்கி. அட்மிட் ஆனது, பாக்கி கேட்டுப் படிவம் 'பி' போட்டேன், ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்துக் கம்பெனியை மீட்கும் திட்டம் பாஸ் ஆனது என்று ஒரு மெயில். எனக்கு வந்தது ஒரு லட்சத்துக்கும் கீழே. வங்கிகளுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் போயிற்று என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு ரசம்கூட மிஞ்சாத கதை. அதனால்தான் மெஷினை எடு என்கிறேன்.

கறுப்புக்கோட்டு:
பாலு அண்ணே, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சட்டத்தின் அமைப்பே அப்படித்தான். அட்மிட் ஆனபின் அமையும் கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டு, பணமாகக் கடன் கொடுத்தவர்களுக்கு மட்டும், அதாவது வங்கி, பைனான்ஸ் கம்பெனி, 2018 திருத்தத்துக்குப் பிறகு வீடு வாங்கியவர்கள். சரக்கும் வேலையும் கொடுத்த நமக்கு ஓட்டு கிடையாது. நம் எல்லாருடைய பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதம் தொட்டால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், கை தூக்க முடியாது. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று போட்ட வழக்கில்தான் 2019 ஜனவரியில் சுவிஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

நமக்கு இருக்கும் ஒரே பிடி 30(2)(பி) பிரிவு. கம்பெனியை உடைத்து விற்றால் நமக்கு என்ன கிடைக்குமோ அதையாவது கொடுக்க வேண்டும், வங்கிகளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். உடைத்து விற்றால் நமக்குப் பெரும்பாலும் சைபர் என்பதால் 'முன்னால்' கிடைப்பதும் சைபர். கசப்புதான். அதற்காக வி.எம்.சி.யைத் தூக்கிக்கொண்டு வந்தால் அந்தச் சைபரோடு வக்கீல் செலவும் சேரும்.

நிர்வாகி_2:
கம்பெனி பெயர், எம்.டி. பெயர், வங்கிக் கிளை எதையும் எழுத வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கிறது. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஓய்வு_மேனேஜர்:
பொதுத்துறை வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் வங்கியை வில்லனாக்குவதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சர்ஃபேசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ் கொடுத்து 60 நாள் கழித்துச் சொத்தை எடுக்கலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எடுப்பது எனக்கு அடமானம் வைத்ததை மட்டும். ஃபேக்டரி நிலம் ஒரு வங்கியிடம், மெஷினரி இன்னொரு வங்கியிடம் என்று இருந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம், கடைசியில் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். ஓடுகிற கம்பெனியாக விற்றால் நல்ல விலை. அதற்குத்தான் என்.சி.எல்.டி.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சில சமயம் மனு போடுவதே எம்.டி.யைப் பேச்சுவார்த்தைக்கு இழுப்பதற்கு. அட்மிட் ஆனால் நாற்காலி போய்விடும் என்ற பயத்தில் எங்கிருந்தோ பணம் வரும். அட்மிட் ஆவதற்கு முந்தின இரவு செட்டில் ஆன கணக்குகள் உண்டு. என்.சி.எல்.டி. வசூல் மன்றம் இல்லை என்று நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. சொன்னாலும் கிளைகளில் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

எங்களையும் மேலிருந்து தள்ளினார்கள். 2,000 கோடிக்கு மேல் கடன் உள்ள கணக்கை 180 நாளில் தீர்க்காவிட்டால் திவால் மனு போட்டே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 பிப்ரவரி 12-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் பெயரில் நிற்பது நம் ஊர் தரணி சுகர்ஸ்.

அம்பத்தூர்_லேத்:
எல்லாருக்கும் நன்றி. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பர்ச்சேஸ் மேனேஜர் கோபித்துக்கொண்டு, "கேஸ் எப்படியும் டிஸ்மிஸ் ஆகிவிடும், அப்புறம் நீங்கள்தான் வருத்தப்படுவீர்கள்" என்றார். ஒரு அரசுத்துறை நிறுவனம் அவர்களுக்குப் பெரிய தொகை தர வேண்டும் என்று ஆர்பிட்ரேஷனில் (நடுவர் மன்றத்தில்) ஜெயித்திருக்கிறார்களாம். அது வந்தால் வங்கிக் கடனே அடைந்துவிடும், அதைச் சொல்லித்தான் வாதாடுகிறார்களாம். நடக்குமா? நாங்கள் சப்ளையர்கள் பத்துப் பேர் சேர்ந்து, அட்மிட் செய்யாதீர்கள் என்று மனு போட முடியுமா?

கறுப்புக்கோட்டு:
அவர்கள் வக்கீல் எதைப் பிடித்திருக்கிறார் என்று புரிகிறது. இந்த விஷயத்தில் சட்டம் இரண்டு முறை திரும்பியிருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

2017-ல் இன்னோவென்டிவ் தீர்ப்பு. கடன் இருக்கிறதா, அதைக் கட்டத் தவறியிருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விதான். இரண்டுக்கும் ஆம் என்றால் அட்மிட். கம்பெனிக்கு ஊரெல்லாம் பணம் வரவேண்டியிருக்கிறது என்பது பதில் ஆகாது. 2022 ஜூலையில் விதர்பா இண்டஸ்ட்ரீஸ் வழக்கு வந்தது. அந்த மின் உற்பத்திக் கம்பெனிக்கு 1,730 கோடி வரவேண்டும் என்று மின் தீர்ப்பாய உத்தரவு கையில் இருந்தது, கேட்கப்பட்ட கடன் 553 கோடி. சட்டத்தில் அட்மிட் 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, 'செய்தே ஆக வேண்டும்' என்று இல்லை, சூழ்நிலையைப் பார்க்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகு நாடு முழுக்க எல்லாக் கம்பெனியும் தன்னை விதர்பா என்று சொல்லிக்கொண்டு வந்தது. 2023 மே மாதம் சுரேஷ் குமார் ரெட்டி - கனரா வங்கி வழக்கில், விதர்பா அதன் சொந்த உண்மைகளுக்கு மட்டும், பொது விதி இன்னோவென்டிவ்தான் என்று முடித்துவிட்டார்கள்.

ஆகவே ஆர்பிட்ரேஷன் அவார்ட் இருக்கிறது என்பதற்காக டிஸ்மிஸ் ஆகும் என்று நம்பாதீர்கள். அரசுத்துறை நிறுவனம் அதை மேல்முறையீடு செய்திருந்தால் இன்னும் பலவீனம்.

பத்துப் பேர் சேர்ந்து மனு போட்டால் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். அட்மிஷன் கட்டத்தில் வழக்கு வங்கிக்கும் கம்பெனிக்கும் மட்டும். கடன் கொடுத்த மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. மோசடியாக, வேறு நோக்கத்தோடு மனு போட்டிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் 65-வது பிரிவு உண்டு, ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். அது உங்கள் கதை இல்லை.

மயிலை_சீனியர்:
தம்பி கறுப்புக்கோட்டு சரியாகச் சொல்கிறார். என் வருத்தத்தையும் பதிவு செய்கிறேன்.

நான் வந்த காலத்தில் ஒருவர் கையில் இருக்கும் தொழிலை எடுத்து ரிசீவரிடம் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) கொடுப்பது என்றால் நீதிபதிகள் நூறு முறை யோசிப்பார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 40. அதில் இந்தியா முழுக்க இன்றும் காட்டும் தீர்ப்பு நம் மெட்ராஸ் ஐகோர்ட் 1954-ல் கொடுத்தது, கிருஷ்ணசாமி செட்டி - தங்கவேலு செட்டி. ஐந்து நெறிகள் வகுத்து 'பஞ்ச சதாசாரம்' என்றே பெயர் வைத்தார்கள். ரிசீவர் போடுவது கோர்ட்டின் விருப்புரிமை, யாருடைய உரிமையும் அல்ல. கேட்பவருக்கு ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கவேண்டும். சொத்து அழிந்துபோகும் அவசரம் இருக்கவேண்டும். அனுபவத்தில் இருப்பவரைச் சும்மா வெளியேற்றக் கூடாது. கேட்பவர் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

இப்போது? கடன், தவணை தவறியது, முடிந்தது. டைரக்டர்கள் அன்றே வெளியே, நிர்வாகம் யாரோ ஒரு இடைக்கால ஆள் கையில். கடன் கொடுத்த வங்கி என்ன செய்தது, வட்டியை எப்படிப் போட்டது, எதுவும் கேள்வி இல்லை. மூன்று தலைமுறை நடத்திய தொழிலை இப்படியா வாங்குவது?

ஓய்வு_மேனேஜர்:
சீனியர் சார், உங்கள் ஐந்து நெறி இரண்டு பங்காளிகள் சொத்துக்குச் சண்டை போடும் வழக்குக்குப் பொருந்தும். கடன் வாங்கித் திருப்பாத கம்பெனிக்கு அதை வைத்துப் பார்த்தோமே, பி.ஐ.எஃப்.ஆர். (நலிந்த கம்பெனிகளுக்கான வாரியம்) காலத்தில். 1985 சட்டம். நலிந்த கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் 22-வது பிரிவு யாரையும் கிட்டே விடாது. வருடக்கணக்கில் வழக்கு கிடக்கும். எம்.டி. அதே கார், அதே பங்களா. ஃபேக்டரியில் மோட்டார் காயில் வரை திருட்டுப் போகும். தொழிலாளிக்கும் ஒன்றும் மிஞ்சாது, எங்களுக்கும் மிஞ்சாது. 2016 டிசம்பர் 1-ம் தேதி அந்தக் கடையை மூடினார்கள். எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை.

மயிலை_சீனியர்:
பி.ஐ.எஃப்.ஆருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மருந்து கசந்தது என்பதற்காக வைத்தியரையே மாற்றிவிட்டு, புது வைத்தியர் வெட்டித்தான் எடுப்பேன் என்றால் எப்படி என்கிறேன்.

இந்த ஊருக்குத் திவால் புதிதும் அல்ல. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது சேமிப்பைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டைச் சிறைக்கே அனுப்பினார்கள். அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி வந்தது. கடன் கொடுத்தவரைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அட்மிஷனுக்கு முன் ஒரு நீதிபதி கொஞ்சம் நின்று பார்க்கட்டும் என்கிறேன்.

ஒரகடம்_செல்வி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இதே போல ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. பி.எஃப். எங்களிடம் பிடித்திருக்கிறார்கள், கட்டவில்லை. இப்போது அட்மிட் ஆகி ஒரு ஐ.ஆர்.பி. (இடைக்கால ரெசல்யூஷன் புரொஃபஷனல்) வந்திருக்கிறார். கேட்டால் படிவம் 'டி' போடுங்கள் என்கிறார். யூனியன் இல்லை. எங்களுக்கும் பாலு அண்ணன் சொன்ன கதைதானா?

கறுப்புக்கோட்டு:
இல்லை மேடம், உங்கள் நிலை சப்ளையர்களைவிடப் பரவாயில்லை. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கவே கூடாது என்கிறது 36(4) பிரிவு. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் பி.எஃப்., கிராஜுவிட்டியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. சம்பளம் வேறு கணக்கு. கலைப்புக்குப் போனால் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்து வரும் வங்கிகளோடு ஒரே வரிசையில் நிற்கும். தொழிலாளர் வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கு 12 மாதம், ஒரு படி கீழே.

ஒன்றைக் கவனியுங்கள். ஐ.ஆர்.பி. வந்த பிறகு கம்பெனி ஓடி, நீங்கள் நிஜமாக வேலை பார்த்திருந்தால் மட்டுமே அந்தக் காலச் சம்பளம் முதல் செலவாக வரும். ஏ.பி.ஜி. ஷிப்யார்ட் தொழிலாளர் வழக்கில் 2022-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வருகைப் பதிவு, கேட் பாஸ், ஷிஃப்ட் ஷீட்டின் போட்டோ, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் போட்ட ஆர்டர், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கிளெய்ம் இ.பி.எஃப்.ஓ.வும் (பி.எஃப். அலுவலகம்) போட வேண்டும். தாம்பரத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிறையப் பேர் என்றால் படிவம் 'இ', ஒருவரே எல்லார் சார்பிலும் போடலாம்.

ஒரகடம்_செல்வி:
ரொம்ப நன்றி சார். சம்பளச் சிலிப் மூன்று மாதமாகத் தரவே இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் போதுமா?

கணக்குப்பிள்ளை:
போதும். முந்தைய மாதங்களின் கிரெடிட்டும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சேர்த்து வையுங்கள்.

அம்பத்தூர் அண்ணனுக்கு. நான் ஆடிட்டர். அட்மிட் ஆவதற்கு முன் உள்ள இந்த மூன்று வாரம்தான் உங்கள் கையில் இருப்பது, கோர்ட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர், இன்றைய தேதியில், சீல் போட்டு. 68 லட்சத்தை அவர்கள் ஒப்புக்கொண்ட பேப்பர் இருந்தால் பிறகு உங்கள் கிளெய்மைக் குறைப்பது கடினம். உங்கள் டெபிட் நோட், அவர்கள் ரிஜெக்ஷன் எல்லாவற்றையும் இப்போதே சரி செய்யுங்கள்.

உத்யம் பதிவு எப்போது எடுத்தீர்கள்? சப்ளைக்கு முன்பே எடுத்திருந்தால் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போன ஒவ்வொரு பில்லுக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கலாம். அதைக் கிளெய்மில் சேர்த்துப் போடுங்கள். பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை, 2021 சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு அப்படி.

நீங்களே மனு போடலாமே என்று யாராவது சொல்வார்கள். முடியாது. 2020 மார்ச்சில் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். 68 லட்சம் போதாது.

அம்பத்தூர்_லேத்:
உத்யம் 2020-லேயே இருக்கிறது. என் ஃபிக்சர்கள்?

கறுப்புக்கோட்டு:
உடனே எடுத்து வாருங்கள். அவை உங்கள் சொந்தப் பொருள், எடுத்து வருவது யாருக்கும் சலுகை ஆகாது. உங்கள் பெயரில் வாங்கிய பில், அவர்களுக்கு அனுப்பிய திருப்பித் தரவேண்டிய சலான் எல்லாம் கையில் இருக்கட்டும், கேட் பாஸோடு உண்மையான தேதியில் வெளியே வரட்டும். அட்மிட் ஆன நொடியிலிருந்து 14-வது பிரிவுத் தடை ஓடும். கம்பெனி கைவசம் இருக்கும் பொருளை அதன் சொந்தக்காரர்கூடத் திரும்ப எடுக்க முடியாது. பாலு அண்ணன் சொன்ன லாரி இதற்குத்தான் தேவை.

அவர்கள் காஸ்டிங் உங்களிடம் இருப்பதை விற்றுவிடாதீர்கள். வேலை முடித்து வைத்திருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170-ல் உண்டு. ஐ.ஆர்.பி. அதைக் கேள்வி கேட்கலாம். ஸ்டாக் லிஸ்ட் எழுதி வையுங்கள்.

பாடி_பாலு:
இதெல்லாம் செய்தாலும் கடைசியில் எம்.டி.யே பின்வாசல் வழியாக வந்து கம்பெனியைக் கால் விலைக்கு வாங்கிவிடுவார். பார்த்திருக்கிறோமே.

கறுப்புக்கோட்டு:
அந்தக் கதவை 2017 நவம்பரில் 29ஏ பிரிவு போட்டுச் சாத்தினார்கள். கடன் தவறிய புரமோட்டர் ஏலத்தில் வர முடியாது. சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் விலக்கு இருக்கிறது, அங்கே வரலாம். இன்னொரு வழி 12ஏ பிரிவு. குழுவில் 90 சதவீத ஓட்டு சம்மதித்தால் மனுவையே வாபஸ் வாங்கலாம். அது நம் ஊர்ச் சிவா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் பெரிய சண்டையானது. 94 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் ஓட்டுப் போட்டும், இது செட்டில்மென்ட் மாதிரித் தெரியவில்லை என்று சென்னை என்.சி.எல்.டி. மறுத்துக் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதையே சொன்னது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. குழுவின் வணிக முடிவில் நீதிமன்றம் மூக்கை நுழைக்க வேண்டாம் என்பதுதான் சாரம்.

மயிலை_சீனியர்:
அந்த வணிக முடிவுக்கும் எல்லை உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டு லீ மெரிடியன் ஓட்டலை நடத்திய அப்பு ஹோட்டல்ஸ் வழக்கைப் பாருங்கள். என்.சி.எல்.டி. ஒப்புக்கொண்ட திட்டத்தைச் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தள்ளியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும், திருத்திய திட்டத்தைக் கடன் கொடுத்தோர் குழு முன் வைக்காமலே தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போனது தவறு என்று குழுவுக்கே திருப்பி அனுப்பியது. பைஜூஸ் வழக்கிலும் கிரிக்கெட் வாரியத்தின் 158 கோடி செட்டில்மென்ட்டைச் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முறைப்படி வாபஸ் மனு வரவில்லை என்பதுதான் காரணம். முறை தவறினால் இந்தச் சட்டத்திலும் நீதிபதி நின்று பார்க்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஓய்வு_மேனேஜர்:
முறையைத்தான் பார்க்கிறார், விலையைப் பார்க்க மாட்டார். அது எங்கள் வேலை, அப்படியே இருக்கட்டும்.

அம்பத்தூர்_லேத்:
நிலவரம்: அட்மிட் ஆகிவிட்டது. விதர்பா வாதம் எடுபடவில்லை. ஃபிக்சர் எல்லாம் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் 61 லட்சத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டார்கள், மீதி ரிஜெக்ஷன் என்கிறார்கள். ஒரு பில்லுக்கு மூன்று லட்சம் பணமும் வந்தது. எம்.டி. மேல்முறையீடு போய் ஸ்டே வாங்குவேன் என்று சப்ளையர்களுக்கெல்லாம் போன் செய்கிறார், கிளெய்ம் போட வேண்டாம் என்கிறார்.

இன்று ஐ.ஆர்.பி. ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று பாதியில் நிற்கிறதாம், இம்பெல்லர் வேலை தொடர முடியுமா என்று கேட்கிறார்கள். பழையது வராமல் புதிதாகச் செய்யலாமா?

கறுப்புக்கோட்டு:
கிளெய்மை நிறுத்தாதீர்கள். அறிவிப்பில் போட்டிருக்கும் தேதிக்குள் படிவம் 'பி', ஐ.ஆர்.பி. நியமனத்திலிருந்து 14 நாள். தாமதமானால் சலுகைக் காலம் உண்டு, அதை நம்ப வேண்டாம். திட்டம் பாஸ் ஆனபின் அதில் இல்லாத கிளெய்ம் செத்துப்போகும், 2021 கன்ஷ்யாம் மிஸ்ரா தீர்ப்பு. மறுத்த ஏழு லட்சத்தையும் சேர்த்தே போடுங்கள், மறுக்கட்டும், எழுத்தில் காரணம் கேட்போம்.

எம்.டி. ஸ்டே வாங்கினால் வாங்கட்டும், உங்கள் கிளெய்ம் அதனால் கெடாது. கம்பெனி பெயரில் அவர் அப்பீல் போட முடியாது, டைரக்டராகத் தன் பெயரில் போடலாம். 30 நாள், காரணம் காட்டினால் இன்னும் 15. ஆர்டர் காப்பி கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஓடும். திருச்சி சேதார் கம்பெனி விவகாரத்தில் நம் சென்னை பெஞ்ச் ஆர்டர் மேல் போட்ட அப்பீல் இப்படித்தான் 2021-ல் காலாவதி என்று போனது.

புதிய வேலையை வாங்கலாம். ஐ.ஆர்.பி. காலத்தில் கொடுத்த சரக்கு திவால் நடைமுறைச் செலவு, வங்கிக்கு முன்னால் நிற்கும். அட்மிஷனுக்கு முந்தைய நாள் அனுப்பியதைவிட மறுநாள் அனுப்பியது பாதுகாப்பு.

பாடி_பாலு:
பாதுகாப்பு என்று சொல்லி அதுவும் நின்றால்? பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செய்யுங்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை:
பாலு சொல்வது சரி, அட்வான்ஸ் கேளுங்கள். பர்ச்சேஸ் மேனேஜர் வாய்மொழி ஆர்டரில் ஒரு பீஸ்கூட வெட்டாதீர்கள். ஐ.ஆர்.பி. கையெழுத்திட்ட புதிய பர்ச்சேஸ் ஆர்டர், பேமென்ட் இத்தனை நாள் என்று அதிலேயே இருக்கட்டும். கம்பெனி பழைய ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் ஐ.ஆர்.பி. புது ஜி.எஸ்.டி. பதிவு எடுப்பார், அந்த நம்பரைக் கேட்டு வாங்கி அதற்குத்தான் பில் போட வேண்டும். டேலியில் அவர்களுக்குத் தனி லெட்ஜர் திறந்துகொள்ளுங்கள். வரும் பணத்தைப் பழைய பாக்கியில் வரவு வைத்தால் இரண்டு கணக்கும் குழம்பி, கிளெய்மில் கை வைப்பார்கள். பழைய பில்லுக்கு நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்ப வராது, அதற்குச் சட்டத்தில் வழியே இல்லை. வருமான வரியில் மட்டும், கணக்கில் வாராக்கடனாக எழுதிய வருடம் கழிவு கிடைக்கும். மார்ச்சுக்கு முன் ஒரு நாள் ஃபைலோடு வாருங்கள், பார்த்துவிடலாம்.